விளிம்பு

வெள்ளிக்கிழமை ருவியில் கடைகள் திறக்குமுன்
கிளினிக்கின் லென்ஸைத் துண்டில் சுற்றிக்
கைப்பையில் வைத்து எடுத்துவந்தேன்.
நானூற்றிருபது ரியால்.
"கீழே போட்டால் ரமலான் வரை
உனக்குச் சம்பளம் கிடையாது"
என்று சிரித்துத்தான் கொடுத்தார் டாக்டர் நெர்மின்.
கடைவாய்ப் பல்லின் பின்சுவரை
வளைய விளக்கோடு எட்டிப் பார்க்கிற கண் அது.

எதிர் ஃபிளாட் இருதயத்திடம் ஒரே ஒரு காசு.
கம்பெனி மூடிய நாளில்
மூன்று மாதப் பாக்கிக்கு ஈடாக
முதலாளியின் தம்பி உள்ளங்கையில் அழுத்தியது.
முந்நூறு பெறும் என்றானாம்.
மத்ரா சூக்கில் கேட்டால் பதினைந்து.
கொழுத்த ராணி;
எந்த வருடம் அடித்தாலும்
ஆயிரத்து எழுநூற்று எண்பது என்றே
வயது சொல்கிறவள்.
சலாலாவில் ஒருவர் படம் கேட்டிருக்கிறார்.
லென்ஸின் விலைக்கு
இப்படி இருபத்தெட்டு ராணிகள் வேண்டும்.
நான் சொல்லவில்லை, அவரே கணக்குப் போட்டார்.

முதல் படத்தில் ராணி செத்துக் கிடந்தாள்.
வளைய விளக்கு பல்லுக்கானது.
எல்லாப் பக்கமும் ஒரே அளவாய் அடித்து
மூக்குக்கும் கன்னத்துக்கும் சேர்த்து
மாவு பூசிவிட்டது.
"இதுக்கு என் ஃபோனே தேவலை" என்றார்.

விளக்கைக் கழற்றினேன்.
மேசை விளக்கின் முன்னால் பட்டர் பேப்பர்.
கடிகாரத்தில் பத்து மணி நிற்கும் திசையிலிருந்து
சரிவாய் விழவிட்டேன்.
ஏசி ஓடினால் மேசை நடுங்குகிறது,
அதையும் நிறுத்தினோம்.
ஜூலை மாதம்.
இருதயத்தின் தாடையிலிருந்து சொட்டும் வியர்வை
காசில் விழாமல் அவரே கையால் ஏந்திக்கொண்டார்.
பேப்பரை விரல்கடை அளவு நகர்த்தினேன்.
கொண்டை எழுந்தது. கண் திறந்தது.
தோள் ஊசியில் முத்துகள் ஒன்பது.

பிறகு என் சொந்த லென்ஸ்.
மூடிப்போன ஸ்டூடியோவில்
பெரிதாக்கும் கருவியிலிருந்து கழற்றி
நாலு ரியாலுக்குக் கொடுத்தது.
பிவிசி குழாய்த் துண்டு, கறுப்பு டேப்.
அதே வெளிச்சம், அதே வியர்வை.
அதிலும் எண்ணினேன்: ஒன்பது.

நடுவில் மட்டும் பார்த்தால்
நாலும் நானூறும் ஒன்றுதான்.
இருதயத்துக்கு அப்படியொரு சந்தோஷம்,
தான் எதையோ மிச்சம் பிடித்ததுபோல.

விளிம்புக்குப் போனேன்.
நாலு ரியால் அங்கே சோர்ந்துவிட்டது.
எழுத்துகள் ஈரக் காகிதத்தில் மைபோல ஊறிக் கிடந்தன.
நானூறு ரியால் சோரவில்லை.
ராணியின் தலைக்கு நேர் மேலே
அரம் ராவிய கோடுகள்,
அவற்றின் நடுவே
சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டுத் தழும்பு.
வளையம் இருந்த இடம்.
எவள் கழுத்திலோ தொங்கியிருக்கிறது இந்தக் காசு.
தழும்புள்ள காசுக்குப் பாதி விலைதான்.

எதை அனுப்புவது?
மங்கல் படம் பொய் சொல்லவில்லையே,
தெரியாது என்றுதானே சொல்கிறது
என்று எனக்குள் ஒரு குரல்.
வாயைத் திறக்கவில்லை நான்.

இருதயம் திரைக்குள் மூக்கை நுழைத்தார்.
பத்தொன்பது வருடம் வெல்டிங் பிடித்த கண்.
"வெள்ளிப் பத்தவைப்பு. ஒரே சூட்டில் முடிச்சிருக்கான்.
குமிழி இல்ல, வழியல. நல்ல கை.
அறுத்தவன்தான் அவசரக்காரன்."
நகத்தால் திரையைத் தடவினார்.
"இது தெரியுற படத்தையே அனுப்பு."

ஏழே முக்கால் ரியால் வந்தது.
அந்த முக்காலுக்கு
இரண்டு நாள் பேசினார் சலாலாக்காரர்.

ஞாயிறு காலை லென்ஸ் கிளினிக்கில்.
முதல் ஆள், கீழ்க் கடைவாய், பழைய வெள்ளி அடைப்பு.
"நடு நன்றாகத்தான் மின்னுகிறது" என்றார் டாக்டர்,
"விளிம்பைக் காட்டு, அங்கேதான் கசியும்."
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஃபோகஸை மயிரிழை திருப்பினேன்.